மெழுகில் வாங்கிய நிலம்



ஒரு வெள்ளைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுகிறார்கள். தேன்மெழுகையும் பாரஃபின் மெழுகையும் சேர்த்து அடுப்பில் உருக்குகிறார்கள். சூடு குறைந்தால் மெழுகு துணிக்குள் இறங்காது, மேலேயே படிந்துவிடும். கூடினால் புகை கிளம்பும். வெள்ளையாகவே நிற்க வேண்டிய இடங்களில் தூரிகையால் மெழுகைப் பூசி, துணியைச் சாயத்தில் முக்குகிறார்கள். சாயம் ஆறியிருக்க வேண்டும், இல்லையென்றால் பூசிய மெழுகு இளகிவிடும். முதலில் மஞ்சள். அது காய்ந்ததும், மஞ்சளாக நிற்க வேண்டிய இடங்களுக்கு மெழுகு. பிறகு சிவப்பு, அதன் மேலும் மெழுகு. கடைசியில் கருநீலம். எல்லாம் முடிந்ததும் கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்தால், மெழுகு வெடித்த இடமெல்லாம் சாயம் புகுந்து, நரம்பு நரம்பாகக் கோடு ஓடியிருக்கும். இரண்டு துணிகளில் அந்தக் கோடு ஒரே மாதிரி வராது.

பாத்திக் என்று நாம் சொல்லும் இந்த வேலையில் 1960களின் முற்பகுதியில் மதராஸ் அரசு கலைப் பள்ளியின் மாணவர்களும், படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவர்களும் இறங்கினார்கள். கூடிச் செய்தார்கள், கூடிக் கண்காட்சி வைத்தார்கள், விற்ற பணத்தைப் பொதுவில் சேர்த்தார்கள். அந்தப் பணம்தான் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர நிலமாக மாறியது. 1966இல் அங்கே சோழமண்டல ஓவியர் கிராமம் பிறந்தது.

கலைஞர்கள் தங்கள் படைப்பை எப்படி விற்பது என்ற கேள்விக்கு நம் ஊரிலேயே கிடைக்கும் மிகத் தெளிவான விடை அந்தக் கிராமம். அதனால் இந்தச் சொற்பொழிவு அதைச் சுற்றியே நடக்கும். இடையில் பாரிசுக்கும் வட கனடாவுக்கும் போய்த் திரும்பும்.

அந்தக் கிராமத்துக்குப் பின்னால் இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். ஓவியம் படிக்க வருவதற்கு முன் தந்தித் துறையில் வேலை பார்த்தவர். சம்பளத்துக்கும் தூரிகைக்கும் இடையே ஓடும் இழுபறி அவருக்குப் புதிதல்ல. 1944இல் மதராசில் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தவர்களில் முன்னின்றவர் அவர். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிக்குப் பிறகு, 1957இல் கலைப் பள்ளியின் முதல்வரானார்.

முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண்ணில் ஆண்டுதோறும் ஒரே காட்சி பட்டது. நல்ல கையுள்ள பிள்ளைகள் ஐந்தாறு ஆண்டு படித்துவிட்டு வெளியே போகிறார்கள். வெளியே என்ன இருக்கிறது? பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை, விளம்பர நிறுவனத்தில் வேலை, துணி வடிவமைப்பு வேலை. மூன்றும் கௌரவமான வேலைகள்தான். ஆனால் காலை முதல் மாலை வரை அடுத்தவருக்கு வரைந்துவிட்டு வீடு திரும்புகிறவரிடம் தனக்காக வரைய என்ன மிஞ்சும்? படம் விற்றுப் பிழைக்கலாம் என்றால், அன்றைய மதராசில் ஓவியம் விற்கும் கூடங்கள் விரல் விட்டு எண்ணத்தக்கவை. கல்யாண வீட்டுக்குப் பட்டும் வெள்ளியும் வாங்கத் தயங்காத குடும்பங்களுக்கு, நவீன ஓவியம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டும் வழக்கம் இல்லை.

இந்த இடத்தில்தான் பணிக்கரின் யோசனை முக்கியமாகிறது. ஓவியம் விற்கவில்லை என்றால் ஓவியத்தை மாற்ற வேண்டியதில்லை; அதே கையால் விற்கக்கூடிய வேறொன்றைச் செய்யலாம் என்றார் அவர். பாத்திக், தோல் வேலை, உலோக வேலை, மண்பாண்டம். வாங்குபவருக்கு இவை புரியும், பயன்படும், விலையும் எட்டும். நாளின் ஒரு பகுதி கைவினைக்கு, மீதிப் பகுதி ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும். கைவினை வயிற்றைப் பார்த்துக்கொண்டால், ஓவியம் யாருடைய ரசனைக்கும் வளைய வேண்டியதில்லை. இதற்காகவே ஓவியர் கைவினைஞர் சங்கம் என்ற அமைப்பு உருவானது. இன்றுவரை கிராமத்தை நிர்வகிப்பதும் அதுதான்.

இதை ஒரு தனி ஆள் செய்திருக்க முடியுமா? ஒருவர் பாத்திக் செய்யலாம்; வாரத்துக்குச் சில துணிகள் வரும். அதை வைத்து ஒரு கண்காட்சி நிரம்பாது, நாளிதழில் செய்தி வராது, நிலம் வாங்கவும் முடியாது. பல பேர் சேர்ந்து செய்தபோதுதான் அது ஒரு கண்காட்சியாக நிரம்பியது. வாங்க வந்தவர்கள் துணியோடு சேர்த்துச் செய்தவர்களையும் தெரிந்துகொண்டு போனார்கள். அவர்களில் சிலர் பின்னாளில் ஓவியம் வாங்கவும் வந்தார்கள்.

ஈஞ்சம்பாக்கம் அன்று மணலும் சவுக்குமாகக் கிடந்த இடம். இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலை அப்போது இல்லை. முதலில் வந்தவர்கள் கூரைக் கொட்டகைகளில்தான் தங்கினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் இதில் சேர்ந்தார்கள்: ஜெ. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், அர்னவாஸ், எம். சேனாதிபதி, பி. கோபிநாத், கே. ஜெயபால பணிக்கர், பி.எஸ். நந்தன், வேலு விஸ்வநாதன், கே. ராமானுஜம், பணிக்கரின் மகனான சிற்பி எஸ். நந்தகோபால் என்று பட்டியல் நீளும். உறுப்பினர்களுக்கு வீடும் பட்டறையும் கட்டிக்கொள்ள மனை. பொதுவில் ஒரு காட்சிக்கூடம், பட்டறை, வெளியூர்க் கலைஞர்கள் வந்து தங்க விருந்தினர் குடில், பாரதி பெயரில் ஒரு திறந்தவெளி அரங்கம். அந்த அரங்கில் கவிதை வாசித்தார்கள், நாடகம் போட்டார்கள், நடனம் ஆடினார்கள். பொதுக் கூடத்தில் ஒரு படைப்பு விற்றால் அதில் ஒரு பங்கு சங்கத்துக்குப் போகும். கூடத்தின் விளக்கும் காவலும் பராமரிப்பும் அதில் நடக்கும்.

கவனித்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டில் மூன்று தூண்கள் தெரியும். படம் விற்கும்வரை படைப்பவர் பிழைத்திருக்க ஒரு வருமானம். வாங்குபவர் தேடி வர ஓர் இடம். பார்த்தது என்னவென்று புரிந்துகொள்ள ஒரு பேச்சு. தனி ஆள் ஒன்றையோ இரண்டையோ எப்படியாவது பிடித்துவிடலாம். மூன்றையும் சேர்த்துப் பிடிக்கக் கூட்டம் வேண்டும்.

மூன்றில் ஒன்று மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாரிஸ் சாட்சி. 1873 டிசம்பரில் மோனே, பிஸ்ஸாரோ, தெகா, ரெனுவார், பெர்த் மொரிஸோ முதலியோர் ஒரு கூட்டுறவு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அரசு ஆதரவில் ஆண்டுதோறும் நடந்த சலோன் கண்காட்சியின் தேர்வுக்குழு அவர்களில் பலரைத் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்திருந்தது. புதிய நிறுவனத்துக்கு விதிமுறை எழுதும் நேரம் வந்தபோது பிஸ்ஸாரோ ஒரு மாதிரியைக் கொண்டுவந்தார். எங்கிருந்து தெரியுமா? அவர் வாழ்ந்த பொந்துவாஸ் ஊரின் ரொட்டி சுடுவோர் சங்கத்திலிருந்து. ஓவியர்களுக்கு வழிகாட்ட ரொட்டிக்காரர்களின் சாசனம் போதும் என்று நினைத்த மனிதரை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

1874 ஏப்ரல் 15 அன்று, புகைப்படக்காரர் நாதாரின் பழைய ஸ்டூடியோவில் கண்காட்சி திறந்தது. நுழைவுக் கட்டணம் ஒரு பிராங்க். பகலில் வேலைக்குப் போகிறவர்களும் வரட்டும் என்று இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரையும் கூடம் திறந்திருந்தது. முப்பது பேர், நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட படைப்புகள், ஒரு மாதத்தில் ஏறத்தாழ 3500 பார்வையாளர்கள். பத்திரிகைகள் கேலி செய்தன. அந்தக் கேலியில் பிறந்த பெயர்தான் இம்ப்ரெஷனிசம்.

விற்பனைதான் போதவில்லை. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது, உறுப்பினர் ஒவ்வொருவர் தலையிலும் 184 பிராங்க் 50 சாந்தீம் கடன் நின்றது. நிறுவனத்தைக் கலைத்துவிட்டார்கள். அவர்களிடம் சுவர் இருந்தது. விற்கும்வரை தாக்குப்பிடிக்க ஒரு பொது வருமானம் இல்லை. அதைப் பிறகு ஒரு நண்பர் தன் கைக்காசில் ஈடுகட்டினார். குஸ்தாவ் கைய்போத், வசதியான வீட்டுப் பிள்ளை, தானும் ஓவியர். 1877 கண்காட்சியின் செலவை முன்னின்று ஏற்றார், நண்பர்களின் படங்களைத் தானே வாங்கினார், 1894இல் இறந்தபோது தன் சேகரிப்பைப் பிரெஞ்சு அரசுக்கு எழுதிவைத்திருந்தார். 1886 வரை எட்டுக் கண்காட்சிகள் நடந்தன. ஒரு குழுவில் ஒருவர் இன்னொருவரின் முதல் வாடிக்கையாளராக இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் காட்டுகின்றன. ஆனால் எல்லாக் குழுவிலும் ஒரு கைய்போத் பிறப்பதில்லை. பணிக்கரின் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பணக்கார நண்பர் இல்லை. அந்த இடத்தில் பாத்திக் இருந்தது.

இப்போது வடக்கே போவோம். கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் கேப் டார்செட் என்றொரு சிற்றூர். இன்று அதன் பெயர் கின்ங்காய்ட். இனுயிட் மக்களின் ஊர். அங்கே 1957 குளிர்காலத்தில் நடந்த ஒரு பேச்சை, அப்போது அங்கிருந்த ஓவியர் ஜேம்ஸ் ஹூஸ்டன் பதிவுசெய்திருக்கிறார். ஓசுயிடோக் என்ற செதுக்குக் கலைஞர் இரண்டு சிகரெட் பெட்டிகளைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டிலும் ஒரே மாலுமியின் தலை. ஒவ்வொரு பெட்டியிலும் இந்தத் தலையை அச்சு மாறாமல் வரைவது யாரோ ஒருவருக்கு எவ்வளவு சலிப்பான வேலையாக இருக்கும் என்று கேட்டார். அச்சு என்றால் என்ன என்று வாயால் விளக்க ஹூஸ்டனுக்கு வரவில்லை. ஓசுயிடோக் செதுக்கி வைத்திருந்த வால்ரஸ் தந்தத்தின் மேல் மை தடவி, மெல்லிய தாளை வைத்து அழுத்தி எடுத்துக் காட்டினார். கோடுகள் தாளில் பதிந்து வந்தன.

அதிலிருந்து ஒரு தொழில் பிறந்தது. 1958இல் ஹூஸ்டன் ஜப்பானுக்குப் போய் மரச்செதுக்கு அச்சுக்கலையில் தேர்ந்த ஹிரட்சுகா உனிச்சியிடம் கற்றுத் திரும்பினார். 1959இல் ஊராரே உறுப்பினர்களாக ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. வேலை மூன்று கை மாறும். ஒருவர் தாளில் வரைவார். இன்னொருவர் அதைத் தட்டையான கல்லில் செதுக்குவார். மூன்றாமவர் கல்லில் மை ஏற்றி, மெல்லிய ஜப்பானியத் தாளை விரித்து, கையால் தேய்த்து அச்செடுப்பார். ஒரு படத்துக்கு ஐம்பது பிரதி. ஆண்டுக்கு ஒரு தொகுப்பு. ஒவ்வொரு அச்சிலும் கூட்டுறவின் சிவப்பு இக்லூ முத்திரை.

கெனோஜுவாக் அஷெவாக் 1960இல் வரைந்த மாய ஆந்தை அப்படி வந்த ஒரு படம். 1970இல் கனடாவின் தபால்தலையிலும் ஏறியது. அவர் பனிப்புலத்தில் வேட்டைக் குடும்பத்தில் வளர்ந்தவர். டொராண்டோவிலோ நியூயார்க்கிலோ ஒரு கூடத்துக்காரரைத் தேடிப் போய்த் தன் படத்தைக் காட்டும் வாழ்க்கை அல்ல அது. கூட்டுறவு அந்த வேலையைப் பார்த்தது. 1978இல் டொராண்டோவில் தனக்கென ஒரு விற்பனைப் பிரிவையும் திறந்தது. ஊரில் அதே சங்கம் மளிகைக் கடையும் நடத்தியது. ரொட்டி வாங்கும் இடமும் படம் விற்கும் இடமும் ஒரே சங்கம் என்றால், அந்தச் சங்கம் பிழைப்பதில் ஊர் முழுக்க எல்லோருக்கும் அக்கறை இருக்கும்.

கேப் டார்செட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று, அந்த ஐம்பது பிரதி. ஒரே ஓர் எண்ணெய் ஓவியத்தை வாங்க முடியாதவர் அச்சுப்படம் ஒன்றை வாங்க முடியும். அச்சு இயந்திரம் தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாத சாமான். பத்துப் பேருக்குக் கட்டுப்படியாகும். சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் பொதுப் பட்டறைகளில் வேலை செய்த ஓவியர்களைக் கேட்டால் இதைச் சொல்வார்கள். அங்கே கிடைப்பது இயந்திரம் மட்டுமல்ல. பக்கத்து மேசைக்காரரின் கண்ணும் கிடைக்கிறது.

பேச்சு என்ற மூன்றாவது தூணுக்கு வருவோம். சோழமண்டலம் எழும்புவதற்கு முன்பே, 1961இல், முற்போக்கு ஓவியர் சங்கம் ஆர்ட்ரெண்ட்ஸ் என்ற ஆங்கில இதழைத் தொடங்கிவிட்டது. தென்னாட்டில் கோடுகளை முதன்மையாக வைத்து ஒரு நவீன ஓவியம் உருவாகிறது, அது பம்பாயையும் கல்கத்தாவையும் போலச் செய்வது அல்ல என்று அந்த இதழ் விடாமல் எழுதியது. பணிக்கரே 1963 வாக்கில் தொடங்கிய சொற்களும் குறியீடுகளும் வரிசையில், ஜாதகக் கட்டம், மலையாள எழுத்து போன்ற வடிவங்களைப் படமாக்கினார். சென்னை இயக்கம் என்று இன்று ஏலக்கூடங்கள் வரை புழங்கும் பெயர், தனித்தனி ஓவியர்களை ஒரு குடைக்குக் கீழ் நிறுத்திய பெயர். வாங்க வருபவர் ஒருவரைத் தேடி வந்து இன்னும் நால்வரைக் கண்டுகொள்கிறார்.

தமிழில் இதையே வேறு வழியில் செய்தவர் கே.எம். ஆதிமூலம். அவரும் அதே கலைப் பள்ளியிலிருந்து வந்தவர். சிறுபத்திரிகைக்காரர்களோடு பழகினார், அட்டைகளுக்கு வரைந்தார், புத்தகத் தலைப்புகளுக்கு எழுத்து வரைந்தார். ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் கரிசல்காட்டுக் கடுதாசிக்கு அவர் வரைந்த கோட்டோவியங்களைக் காட்சிக்கூடம் பக்கமே போகாத ஆயிரக்கணக்கான வாசகர்கள் வாரம்தோறும் பார்த்தார்கள். ஓவியரும் எழுத்தாளரும் ஒரே பக்கத்தில் வந்தபோது, ஒருவரின் வாசகர் இன்னொருவரின் பார்வையாளரானார். அந்தக் கோடு யாருடையது என்று கையெழுத்தைப் பார்க்காமலே சொல்லக்கூடிய தமிழர்கள் அப்படித்தான் உருவானார்கள்.

கூட்டு வேலை படைப்பையும் மாற்றுகிறது. பிழைப்புக்காகத் தகட்டைத் தட்டிய கைகள், சிற்பத்திலும் அதே தகட்டைக் கொண்டுவந்தன. நந்தகோபாலின் சிற்பங்கள் செம்பும் பித்தளையும் பற்றவைத்து, நம் கோயில் கவசங்களைப் போல நேர்முகம் காட்டி நிற்பவை. வாசுதேவ் செப்புத் தகட்டில் புடைப்போவியம் செய்தார். 1970இல் வந்த சம்ஸ்காரா என்ற கன்னடப் படத்துக்குக் கலை இயக்கம் செய்தார். பின்னாளில் பெங்களூரில் சுப்பராயுலு என்ற நெசவாளரோடு சேர்ந்து தன் ஓவியங்களைத் தறியில் ஏற்றினார். ஓவியத்தின் வண்ணத்தை நூலின் வண்ணமாகப் பெயர்ப்பது நெசவாளரின் தீர்ப்பு. அங்கே அவர் கூலிக்காரர் அல்லர், கூட்டாளி.

சிக்கல்களையும் சொல்லியாக வேண்டும். சிலர் கிராமத்தை விட்டுப் போனார்கள். விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிசில் குடியேறினார்கள். ஓவியம் விற்கத் தொடங்கியதும் கைவினை மெல்லக் குறைந்தது. சாலை அகன்று நிலத்தின் விலை ஏறியபோது, மணல்மேட்டில் யாரும் கேட்காமல் கிடந்த கிராமம் நகரத்தின் நடுவில் வந்து நின்றது. ராமானுஜத்தின் கதை இன்னும் கனமானது. பேனாவும் மையும் கொண்டு கனவு நகரங்களை வரைந்தவர். பேரம் பேசவோ, தன்னை எடுத்துச் சொல்லவோ வராதவர். சோழமண்டலம் அவருக்குக் கூரை தந்தது, அவரது படங்களைத் தன் சுவரில் மாட்டியது. 1973இல் முப்பது சொச்சம் வயதில் அவர் மறைந்தார். நண்பர்கள் சூழ இருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அந்தப் படங்கள் சிதறிப்போகாமல் இன்று நாம் பார்க்கக் கிடைப்பதில் அந்த நண்பர்களுக்குப் பெரும் பங்குண்டு.

2009இல் கிராமத்துக்குள் ஓர் அருங்காட்சியகம் திறந்தது. சென்னை இயக்கத்தின் ஓவியங்களும் சிற்பங்களும் அங்கே நிரந்தரமாக இருக்கின்றன. பக்கத்திலேயே வாடகைக்கு விடும் காட்சிக்கூடங்கள். நேற்று படிப்பை முடித்த பிள்ளை சில நாள் வாடகை கட்டித் தன் படங்களை அங்கே மாட்டலாம். பணிக்கரைப் பார்க்க வந்தவர் வெளியே போகும் வழியில் அந்தப் பிள்ளையின் படத்தையும் பார்த்துவிட்டுப் போகிறார்.

இன்று தொடங்க நினைக்கும் குழுவுக்கு இந்த மூன்று ஊர்களும் சேர்ந்து சில நடைமுறைகளைத் தருகின்றன. முதல் கண்காட்சிக்கு முன்பே கணக்கை எழுதி வையுங்கள்: விற்பனையில் எவ்வளவு பொதுவுக்கு, செலவு யாருடையது, ஒருவர் விலகினால் அவர் போட்ட பணம் என்ன ஆகும். பாரிஸ் குழு கலைந்தது சண்டையில் அல்ல, கணக்கில். அடுத்து, எல்லோரும் சேர்ந்து செய்யக்கூடிய, எட்டும் விலையில் விற்கக்கூடிய ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். பாத்திக்காகவோ லினோ அச்சாகவோ நாட்காட்டியாகவோ இருக்கலாம். பல கை பட்ட வேலையில் பட்ட கைகள் அத்தனையின் பெயரையும் போடுங்கள். மாதம் ஒரு நாள் பட்டறைக் கதவைத் திறந்துவையுங்கள். வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தவர் விலையைக் கேட்டுத் திகைப்பதில்லை. உள்ளூர்ப் பள்ளி, நூலகம், இதழ், நாடகக் குழு என்று பக்கத்தில் இருப்பவர்களோடு முதலில் பேசுங்கள்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஒரு சங்கத்தைப் பதிவுசெய்ய ஏழு பேர் போதும். இந்த அரங்கில் ஓவியம் வரைபவர்கள், களிமண்ணில் கை வைப்பவர்கள், தறியில் உட்காருபவர்கள் என்று ஏழு பேருக்கு மேலேயே இருப்பீர்கள். வெளியே தேநீர் வைத்திருக்கிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரரிடம் அவர் என்ன செய்கிறார், எங்கே வைத்துச் செய்கிறார், வாடகை எவ்வளவு கொடுக்கிறார் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.